பிளாட் போடும் உரிமையை மட்டும் விற்க முடியுமா? காட்டோர நிலமும் பாதுகாப்பு ஈஸ்மெண்டும்

ஓசூரைச் சுற்றி நில விலை ஏறியதிலிருந்து தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி பக்கம் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "ஊரே சேர்ந்து பணம் போட்டா காட்டைக் காப்பாத்திடலாம், அமெரிக்காவுல ஈஸ்மெண்ட் போட்டு அப்படித்தான் செய்யறாங்க" என்பார்கள். ஈஸ்மெண்ட் என்றால், ஒருவருடைய நிலத்தின்மேல் இன்னொருவருக்கு இருக்கிற ஓர் உரிமை; இங்கே பேசுவது, நிலத்தில் சில காரியங்கள் நடக்காமல் தடுக்கிற உரிமை. சொல்கிறவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். கேட்கிறவர்கள் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒருவர், நிலத்தை ஊருக்கு எழுதிக் கொடுப்பது என்று நினைக்கிறார். இன்னொருவர், வனத்துறை வந்து எல்லைக்கல் நடப்போகிறது என்று பயப்படுகிறார். மூன்றாமவர், பணத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவோம், பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறார். மூன்றுமே தவறு. மூன்றாவதுதான் பிள்ளைகள் தலையில் விடியும்.

எந்த நிலத்தைப் பற்றிய பேச்சு இது

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் காப்புக்காடுகள் அரசுக்குச் சொந்தமானவை. அவற்றில் பெரும்பரப்பு சரணாலயமாகவும் ஆகிவிட்டது. காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது, ஏறக்குறைய 504 சதுர கிலோமீட்டர். காவிரி தெற்கு 2022 நவம்பரில் வந்தது, ஏறக்குறைய 686 சதுர கிலோமீட்டர். இங்கெல்லாம் ஊர் பணம் திரட்டி வாங்குவதற்கு எதுவும் இல்லை. விற்கிற உரிமை யாரிடமும் இல்லை.

சிக்கல் அந்தக் காடுகளுக்கு நடுவிலும் ஓரத்திலும் கிடக்கிற பட்டா நிலத்தில் இருக்கிறது. கர்நாடகத்தின் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இறங்கி தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று நகர்வதை இந்தப் பகுதியில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ராகி முற்றுகிற பருவத்தில் அந்த நடமாட்டம் எப்படி இருக்கும் என்பது விதைத்தவருக்குத் தெரியும். ஒரு காப்புக்காட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற யானை, நடுவில் இருக்கிற மானாவாரிக் கொல்லைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தக் கொல்லை ராகியும் கொள்ளுமாக இருக்கும்வரை தாண்டிவிடும். அதுவே சுற்றுச்சுவர் எழுப்பிய "ஃபார்ம் லேண்ட்" மனைகளாகவோ கிரானைட் குவாரியாகவோ மாறிவிட்டால், கூட்டம் ஊருக்குள் புகுந்து வேறு வழி தேடும்.

ஆக, பேச்சு தனியார் பட்டா நிலத்தைப் பற்றியது, அதிலும் காட்டை ஒட்டிய நிலத்தைப் பற்றியது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சொந்தம் என்பது ஒரே உரிமை இல்லை

புளியமரத்தை எடுத்துக்கொள்வோம். காய் பிடிக்கும்போதே வியாபாரி வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்து, விலை பேசி, முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். அன்று முதல் அந்தப் பருவத்து மகசூல் அவருடையது. மரம் நிலக்காரருடையது, நிலமும் அவருடையதே. "என் நிலத்தை விற்றுவிட்டேன்" என்று எந்த விவசாயியும் அதற்காகச் சொல்வதில்லை. ஒரே இடத்தின்மேல் இரண்டு பேருக்கு இரண்டு உரிமை, அவ்வளவுதான்.

நிலத்தின் சொந்தம் முழுவதுமே இப்படிப் பல உரிமைகள் சேர்ந்தது. உழலாம், கிணறு வெட்டலாம், வீடு கட்டலாம், பிரித்து மனையாக விற்கலாம், அனுமதி வாங்கிக் கல் உடைக்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். இவற்றில் ஒன்றிரண்டை மட்டும் தனியே பிரித்து இன்னொருவரிடம் கொடுக்க முடியும்.

பாதுகாப்பு ஈஸ்மெண்ட் என்பது இப்படிப் பிரித்துக் கொடுப்பதில் ஒரு வகை. நிலக்காரர், காட்டுக்குக் கேடு செய்யக்கூடிய குறிப்பிட்ட சில உரிமைகளை நிரந்தரமாக விட்டுக்கொடுத்து, அவற்றைத் தடுக்கிற அதிகாரத்தை ஓர் அமைப்பிடம் பத்திரம் மூலம் ஒப்படைக்கிறார். புளி வியாபாரிக்கும் இந்த அமைப்புக்கும் வித்தியாசம் பெரிது. வியாபாரி வந்து காயை உலுக்கிக்கொண்டு போவார். இந்த அமைப்பு நிலத்திலிருந்து எதையும் எடுக்காது. பிளாட் போடும் உரிமையை வாங்கியிருந்தால் அதுவும் பிளாட் போட முடியாது, வேறு யாரும் போடவும் விடாது. "கூடாது" என்று சொல்லும் அதிகாரத்தைத்தான் பணம் கொடுத்து வாங்குகிறது. வியாபாரியின் பேச்சு பருவத்தோடு முடிந்துபோகும். இது நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வரும்.

உங்கள் பழைய பத்திரத்திலேயே ஓர் ஈஸ்மெண்ட் இருக்கலாம்

தாத்தா காலத்துக் கிரையப் பத்திரத்தின் சொத்து விவரத்தைப் படித்துப் பாருங்கள். "மாமூல் வண்டித்தடத்தில் ஆள், கால்நடை, வண்டி போய்வரும் பாத்தியம் சகிதம்" என்பது போல ஒரு வரி பல பத்திரங்களில் இருக்கும். பக்கத்து நிலத்தின் வழியாக உங்கள் நிலத்துக்குப் போய்வரும் அந்த உரிமை ஓர் ஈஸ்மெண்ட். பக்கத்து நிலம் நாலு கை மாறினாலும் தடம் தடமாகவே இருக்கும். புதிதாக வாங்கியவர் "நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லையே" என்று வேலி போட முடியாது. வாக்குக் கொடுத்தது ஆள் என்றாலும் சுமப்பது நிலம்.

இதற்கான சட்டம் 1882ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மெண்ட் சட்டம். நடந்துபோகும் உரிமை போலவே, பக்கத்து நிலத்தில் ஒரு காரியம் நடக்காமல் தடுக்கிற உரிமையையும் அது ஒப்புக்கொள்கிறது. ஒரு நிபந்தனை உண்டு. ஈஸ்மெண்டுக்கு இரண்டு நிலம் வேண்டும்: நன்மை பெறுகிற நிலம் ஒன்று, சுமை தாங்குகிற நிலம் ஒன்று. வண்டித்தடத்தில் உங்கள் நிலம் முதலாவது, பக்கத்துக்காரர் நிலம் இரண்டாவது. சொந்தமாக நிலம் எதுவும் இல்லாத ஒரு சங்கம் வந்து "எனக்கு உன் நிலத்தில் ஈஸ்மெண்ட் கொடு" என்று கேட்க இந்தச் சட்டத்தில் இடம் இல்லை. இந்த நிபந்தனையைப் பற்றிப் பிற்பாடு மறுபடி பேசுவோம். இந்தியாவில் முடிச்சு விழுகிற இடம் இதுதான்.

அமெரிக்காவில் எப்படி நடக்கிறது

அங்கே நிலத்தைக் காப்பதற்கென்றே அமைப்புகள் இருக்கின்றன. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1891இலேயே ஒன்று தொடங்கிவிட்டது. பக்கத்தில் சொந்த நிலம் இல்லாத அமைப்புகூட தடுக்கும் உரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று தெளிவாகச் சொல்லும் மாதிரிச் சட்டம் 1981இல் எழுதப்பட்டது. பல மாநிலங்கள் அதைத் தழுவித் தங்கள் சட்டங்களை இயற்றிக்கொண்டன. இரண்டு நில நிபந்தனை அங்கே இப்படித் தளர்ந்தது.

நடைமுறை எளியது. நிலக்காரரும் அமைப்பும் உட்கார்ந்து எது கூடும், எது கூடாது என்று பேசி முடிக்கிறார்கள். மதிப்பீட்டாளர் நிலத்தை இரண்டு முறை மதிப்பிடுகிறார், கட்டுப்பாடு இல்லாமல் ஒரு தடவை, கட்டுப்பாட்டோடு ஒரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஈஸ்மெண்டின் விலை. அன்றைய தேதியில் நிலம் எப்படி இருக்கிறது என்று வரைபடம், புகைப்படம், குறிப்புகளோடு ஓர் ஆவணம் தயாராகிறது. பிறகு பதிவு. அதன் பின் அமைப்பின் ஆள் வழக்கமாக ஆண்டுக்கு ஒரு தடவையாவது நேரில் போய், அந்த ஆவணத்தை வைத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றிப் பார்க்கிறார்.

பல நிலக்காரர்கள் இந்த உரிமையை இலவசமாகவோ விலையைக் குறைத்தோ கொடுப்பதற்கு ஒரு காரணம் வரிச்சலுகை. "என்றென்றைக்கும்" என்று எழுதிக் கொடுத்தால்தான் மத்திய வரிச்சலுகை கிடைக்கும். இதில் தில்லுமுல்லும் நடந்தது. முதலீட்டாளர்கள் கூட்டாக நிலம் வாங்கி, ஈஸ்மெண்டின் மதிப்பை ஊதிப் பெருக்கிக் காட்டி, போட்ட பணத்தைவிடப் பல மடங்கு வரிக்கழிவு கேட்டார்கள். வரித்துறை பல ஆண்டுகள் வழக்காடியது. 2022இல் சட்டத்தையே இறுக்க வேண்டியதாயிற்று. "அமெரிக்காவில் எல்லாம் சரியாக நடக்கிறது" என்று சொல்கிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நிலம் உரிமையாளரிடமே இருக்கும், சில உரிமைகள் மட்டும் பிரிந்துபோகும், அவற்றை வாங்கியவர் பயன்படுத்த மாட்டார், தடுப்பார், நிலம் யார் கைக்குப் போனாலும் தடை கூடவே போகும்.

ஊர்ப் பணம் எதற்கெல்லாம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. காட்டோரம் 4 ஏக்கர் பட்டா. மனை போடுகிறவர் ஏக்கருக்கு 40 லட்சம் கொடுக்கத் தயார். மனை போட முடியாது, விவசாயம் மட்டுமே என்றால் அதே நிலம் 15 லட்சத்துக்குப் போகும். வித்தியாசம் ஏக்கருக்கு 25 லட்சம், நாலு ஏக்கருக்கு 1 கோடி. முழு விலை கொடுத்து வாங்கினால் 1 கோடியே 60 லட்சம். மிச்சம் 60 லட்சம்தானா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. ஓசூருக்கு அருகே போகப்போக மனை மதிப்பு ஏறுவதால், ஈஸ்மெண்டின் விலை முழு விலையை நெருங்கிக்கொண்டே வரும். அங்கே இந்த முறைக்குப் பொருளே இருக்காது. உரிகம், அஞ்செட்டி, பென்னாகரம் போல நகரத்திலிருந்து தள்ளியுள்ள இடங்களில், மனைக்காரர் வந்து சேர்வதற்கு முன்னால் பேசினால்தான் கணக்குக் கட்டுப்படியாகும்.

இன்னொன்று, நம் வருமான வரிச் சட்டத்தில் நன்கொடைக்கான வரிவிலக்கு, பணமாகக் கொடுத்தால்தான் உண்டு. நிலத்தின்மேல் உள்ள ஓர் உரிமையை இலவசமாக விட்டுக்கொடுத்தால் அந்த விலக்குக் கிடையாது. அமெரிக்காவில் வரிச்சலுகை தூக்குகிற பாரத்தை இங்கே ஊர்தான் தூக்க வேண்டும்.

ஊர் பணம் திரட்டாது என்று சொல்ல மாட்டேன். மாரியம்மன் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி போட்டு வசூலித்துக் கணக்குப் படிக்கிற பழக்கம் நமக்குப் புதிதில்லை. வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகளும் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் பண்டிகை வருடத்துக்கு ஒரு தடவை வந்து முடிந்துவிடுகிறது. ஈஸ்மெண்ட் முடியாது. உரிமையை வாங்குகிற தொகை ஒன்று. அளவீடு, மதிப்பீடு, முத்திரைத் தீர்வை, பதிவு, வக்கீல் செலவு இரண்டாவது. ஆண்டுதோறும் போய்ப் பார்ப்பதற்கும், மீறல் நடந்தால் கோர்ட்டுக்குப் போவதற்கும் மூன்றாவது தொகை வேண்டும். நன்கொடை கேட்கப் போகிறவர்கள் முதல் தொகையைப் பற்றியே பேசுகிறார்கள். என் கணிப்பில், மூன்றாவது தொகை இல்லாமல் எழுதுகிற ஈஸ்மெண்டை எழுதாமலே விடலாம். பத்து வருடம் கழித்து ஒரு இரவில் ஜேசிபி வந்து நிற்கும்போது, தடையாணை வாங்க யாரிடமும் காசு இல்லை என்றால் பத்திரம் வெறும் காகிதம்.

அதனால் மூன்றாவது தொகையைத் தனி வைப்பு நிதியாகப் போட்டு, முதலைத் தொடாமல் வட்டியில் செலவு பார்ப்பதே முறை. 10 லட்சம் வைத்திருந்து 7 சதவீத வட்டி வந்தால் ஆண்டுக்கு 70,000 ரூபாய். ஒரு சிறு நிலத்தைச் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துப் பதிய அது போதும், வழக்கு வந்தால் போதாது.

காதில் விழும் சில தப்பான பேச்சுகள்

ஈஸ்மெண்ட் போட்டால் ஊரார் எல்லோரும் நிலத்துக்குள் வந்துபோகலாம் என்கிறார்கள். வரமுடியாது. பத்திரத்தில் அப்படி எழுதினால்தான் உண்டு. அமைப்பின் ஆள் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆய்வுக்கு வருவதற்கு மட்டும் அனுமதி வைப்பது வழக்கம்.

நிலத்தை விற்கவே முடியாது என்கிறார்கள். விற்கலாம், அடமானம் வைக்கலாம், பாகம் பிரிக்கவும் பத்திரம் தடுக்காதவரை தடையில்லை. வாங்குகிறவர் அந்தத் தடையோடு வாங்குவார், அதனால் விலை குறையும். அந்தக் குறைவுக்கான பணத்தைத்தான் முதலிலேயே வாங்கியாயிற்றே.

அரசாங்கமே கையகப்படுத்த முடியாது என்பது மிக அதிகமாக நம்பப்படுவது. முடியும். சாலைக்கோ, ரயிலுக்கோ, தொழிற்பேட்டைக்கோ அரசு சட்டப்படி நிலம் எடுத்தால் இந்தப் பத்திரம் குறுக்கே நிற்காது. சிப்காட் போன்றவற்றுக்கு நிலம் எடுக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. தடுக்கும் உரிமையை வைத்திருக்கும் அமைப்பு இழப்பீட்டில் பங்கு கேட்கலாம், அவ்வளவே.

பழங்குடி மக்களின் வன உரிமையையும் இதோடு போட்டுக் குழப்புகிறார்கள். இருளர், மலையாளி மக்களுக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தருவது வன நிலத்தில் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்த உரிமையின் அங்கீகாரம். அது யாரும் விலை பேசி வாங்குவது இல்லை. ஈஸ்மெண்டின் பெயரால் அதை யாராவது குறைக்கப் பார்த்தால் எதிர்க்க வேண்டும்.

நம் சட்டத்தில் எதுவரை முடியும்

பாதுகாப்பு ஈஸ்மெண்டுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. இதை மறைத்துப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். இருக்கிற சட்டங்களைக் கொண்டு எட்டக்கூடிய வழிகள் சில உண்டு.

முதல் வழி, இரண்டு நில நிபந்தனையை நிறைவேற்றுவது. ஊர் அமைக்கும் அறக்கட்டளை பக்கத்திலேயே பத்து சென்ட் போல ஒரு துண்டு நிலத்தை வாங்கிக்கொள்கிறது. அதை நன்மை பெறும் நிலமாகக் காட்டி, 4 ஏக்கரின்மேல் தடுக்கும் உரிமையை எழுதி வாங்குகிறது. நன்மை என்றால் என்ன என்பதில் 1882ஆம் ஆண்டுச் சட்டம் தாராளமாகவே இருக்கிறது. தொலைவான நன்மையும் வெறும் வசதியும்கூட அதில் அடங்கும். அதே ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 40ஆம் பிரிவும் துணைக்கு வருகிறது: தன் நிலத்தின் நன்மைக்காக அடுத்த நிலத்தின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் உரிமை ஒருவருக்கு இருந்தால், அது தெரிந்தே வாங்கியவரையும், இலவசமாகப் பெற்றவரையும் அது கட்டுப்படுத்தும். தெரியாது என்று யாரும் சொல்லாமலிருக்கத்தான் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. அப்போது வில்லங்கச் சான்றில் அது வந்துவிடும். ஆனால் பதிவாகிவிட்டதாலேயே பத்திரம் செல்லும் என்று ஆகிவிடாது. வாசகம் பிசகினால் கோர்ட்டில் உடையும். சிவில் வழக்கில் பழுத்த வக்கீல் எழுத வேண்டிய வேலை இது.

இரண்டாவது, வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 36சி பிரிவின் சமூகக் காப்பகம். தனியாரோ சமூகமோ தாமாக முன்வந்தால், சரணாலயத்துக்கு வெளியே உள்ள அவர்கள் நிலத்தை அரசு அப்படி அறிவிக்கலாம். அறிவித்த பிறகு நிர்வாகக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது. வலுவான பாதுகாப்புதான். முடிவில் அரசுக்கும் பங்கு இருப்பதால் பல விவசாயிகள் தயங்குவார்கள், அந்தத் தயக்கத்தில் நியாயமும் உண்டு.

முழு விலைக்கு வாங்குவது இன்னொரு வழி. எல்லை தாண்டிக் கொள்ளேகால் பக்கம், எடையாரஹள்ளி தொட்டசம்பிகே யானை வழித்தடத்தில் வைல்ட்லைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியா சுமார் 25 ஏக்கரை வாங்கிக் கர்நாடக வனத்துறையிடம் ஒப்படைத்தது. அது ஈஸ்மெண்ட் இல்லை, ஆனால் வேலை முடிந்தது.

நாலாவது வழி பெரிதாகப் பேசப்படுவதில்லை. பத்துப் பதினைந்து வருடத்துக்குப் பதிவு செய்த ஒப்பந்தம் போட்டு, மனை போடாமல், குவாரிக்கு விடாமல் இருப்பதற்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுப்பது. நிரந்தரம் இல்லைதான். ஆனால் நிரந்தரம் கேட்கிற வரிச்சலுகையே நமக்கு இல்லாதபோது, அமெரிக்க அச்சிலேயே வார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆண்டுக்கு ஆண்டு வசூலிக்கிற பழக்கமுள்ள ஊருக்கு இதுவே பொருந்தும் என்று எனக்குப் படுகிறது.

பத்திரத்தில் எழுத வேண்டியது

"இயற்கையைக் காப்பேன்" என்கிற வாசகத்தை எந்தக் கோர்ட்டிலும் அமல்படுத்த முடியாது. மனை பிரிக்கக்கூடாது, கிரானைட், ஜல்லி, எம்-சாண்ட் எதற்கும் மண்ணைத் தோண்டக்கூடாது, யானை போகும் பக்கம் சுற்றுச்சுவர் எழுப்பக்கூடாது, எத்தனை ஆழ்துளைக் கிணறு வரை போடலாம் என்று எண்ணி எழுத வேண்டும். மின்வேலியைத் தனி வரியாகவே சேர்க்கச் சொல்வேன். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்ததை நாம் பார்த்தோம்.

கூடாததற்கு இணையாகக் கூடுவதையும் எழுத வேண்டும். ராகி விதைப்பது, மாடு மேய்ப்பது, புளி உலுக்குவது, மகனுக்குக் கல்யாணம் ஆனால் வீடு கட்ட அரை ஏக்கர். இதையெல்லாம் முதலிலேயே ஒதுக்காவிட்டால், பத்திரத்தை முதலில் மீறுவது நிலம் கொடுத்த நல்ல மனிதராகவே இருப்பார்.

எழுதுவதற்கு முன்னால் காகிதங்களைப் பார்க்க வேண்டும். கூட்டுப்பட்டா என்றால் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட வேண்டும், மைனர் பங்கு இருந்தால் கோர்ட் அனுமதி தேவைப்படலாம். நிலத்தின்மேல் வங்கிக் கடனோ கூட்டுறவுச் சங்கக் கடனோ இருந்தால் அவர்களின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் கடன் ஏலத்தில் ஈஸ்மெண்டும் அடிபட்டுப்போகும். நிபந்தனைப் பட்டாவுக்கும் பஞ்சமி நிலத்துக்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. தனியார் காடு என்றால் 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். புலப்படம், சிட்டா, அ-பதிவேடு, முப்பது வருட வில்லங்கம் கையில் வந்த பிறகே விலைப் பேச்சு.

கடைசியாக ஒரு வரி. உரிமையை வைத்திருக்கிற அறக்கட்டளையே கலைந்துபோனால் என்ன ஆகும்? இப்போதைய நிர்வாகிகளுக்கு வயதாகும், அடுத்தவர்கள் பெங்களூருக்குக் குடிபெயர்ந்திருப்பார்கள். கேட்க ஆள் இல்லாத தடையைச் சட்டம் தானாக வந்து காக்காது. ஆகவே அந்தப் பத்து சென்ட் நிலமும் அதோடு வரும் தடுக்கும் உரிமையும் யாரிடம் போகும் என்று, இரண்டாவதாக ஓர் அமைப்பின் பெயரை, அவர்கள் சம்மதக் கையெழுத்தோடு, பதிவு நாளன்றே பத்திரத்தில் சேர்த்துவிட வேண்டும்.